நம் கரையில் இறங்கிய கண்டி ராஜா



சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகும்போது கிழக்கே பார்த்திருப்பீர்கள். துறைமுகத்தின் கிரேன்கள், உள்ளே வர முறைக்காகக் காத்து நிற்கும் கப்பல்கள், காசிமேட்டிலிருந்து கிளம்பும் விசைப்படகுகள் எல்லாம் நமக்குத் தினமும் பார்த்துப் பழகிப்போன காட்சி. இருநூறு வருடங்களுக்கு முன்பு இதே கடலில் ஒரு கப்பல் வந்து நங்கூரம் போட்டது. அதில் ஒரு ராஜா இருந்தார், கைதியாக. இலங்கையின் கடைசி அரசர் அவர். பெயர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பிறந்தபோது வைத்த பெயர் கண்ணுசாமி.

இந்தக் காலாண்டு இதழில் அவருடைய கதையைச் சொல்லப் போகிறேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் படித்துக் காட்டுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். நம் பாடப் புத்தகத்தில் இவரைப் பற்றி அதிகம் வருவதில்லை.

மதுரையிலிருந்து கண்டிக்கு

முதலில் ஒரு கேள்வி உங்களுக்கு வரும். சிங்களவர்களின் மலை ராஜ்யமான கண்டிக்குக் கண்ணுசாமி என்ற பெயருள்ளவர் எப்படி ராஜா ஆனார்?

கண்டி அரசர்கள் பல தலைமுறைகளாக மதுரைப் பக்கத்திலிருந்து நாயக்கர் குடும்பங்களில் பெண் எடுத்து வந்தார்கள். 1739-ல் நரேந்திர சிங்கன் என்ற அரசர், பட்டத்துக்கு உரிய வாரிசு இல்லாமல் இறந்தார். ராணியின் தம்பியை அழைத்து முடி சூட்டினார்கள். அன்று தொடங்கி நான்கு நாயக்க அரசர்கள் கண்டியை ஆண்டார்கள். வீட்டில் தமிழும் தெலுங்கும் பேசிய குடும்பம், சிவனைக் கும்பிட்ட குடும்பம். ஆனால் நாட்டு மக்களின் பௌத்த மதத்தைத் தங்கள் சொந்த மதம் போலவே காத்தார்கள். இரண்டாவது நாயக்க அரசரான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில்தான், 1753-ல் சயாம் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து, அங்கே அறுந்துபோயிருந்த துறவற தீட்சையை மறுபடி தொடங்கினார்கள்.

மூன்றாவது அரசர் 1798-ல் பிள்ளையில்லாமல் இறந்தார். அப்போது அரண்மனையில் உண்மையான அதிகாரம் பிலிமத்தலாவை என்ற முதல் மந்திரியின் கையில் இருந்தது. அங்கே அந்தப் பதவிக்கு அதிகாரம் என்றே பெயர். அவர் வேறு உறவினர்களையெல்லாம் விட்டுவிட்டு, பதினெட்டு வயதுப் பையனான கண்ணுசாமியைத் தேர்ந்தெடுத்தார். பையன் சின்னவன், சொன்னபடி கேட்பான், நேரம் வந்தால் இறக்கிவிட்டு நாமே உட்காரலாம் என்பது அவர் கணக்கு.

கணக்கு தப்பியது. பையன் சொன்னபடி கேட்கவில்லை.

இரண்டு பக்கமும் நெருக்கடி

அப்போது இலங்கையின் கடற்கரை முழுவதும் ஆங்கிலேயர் கையில் இருந்தது. 1796-ல் டச்சுக்காரர்களிடமிருந்து அவர்கள் பிடித்தது. நடுவில் இருந்த மலை ராஜ்யம் மட்டும் பாக்கி. போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் பலமுறை படை எடுத்துப் போய்த் தோற்றுத் திரும்பிய இடம் அது. அடர்ந்த காடு, ஒற்றையடிப் பாதை, மழை, மலேரியா காய்ச்சல் எல்லாம் கண்டிக்குக் காவல் நின்றன.

பிலிமத்தலாவை ஆங்கிலேய கவர்னர் ஃபிரெடரிக் நார்த்துடன் ரகசியமாகப் பேசத் தொடங்கினார். 1803-ல் ஆங்கிலப் படை கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் காலியாக இருந்தது. அரசர் மலைக்குள் போய்விட்டார். ஆங்கிலேயர் முத்துசாமி என்ற வேறொரு நாயக்க இளவரசரை அரியணையில் உட்கார வைத்து, மேஜர் டேவி என்பவர் தலைமையில் கொஞ்சம் படையை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். காய்ச்சலும் பட்டினியும் அந்தப் படையைப் பாதியாக்கின. ஜூன் மாதம் கண்டிப் படை சூழ்ந்துகொண்டது. டேவி சரணடைந்தார். முத்துசாமியை ஒப்படைக்கச் சொன்னார்கள், ஒப்படைத்தார். முத்துசாமி கொல்லப்பட்டார். பிறகு மகாவலி ஆற்றங்கரையில் ஆங்கிலச் சிப்பாய்களும் கொல்லப்பட்டார்கள். டேவி உயிரோடு விடப்பட்டு, கைதியாகவே இருந்து இறந்தார்.

இதற்குப் பிறகு சில வருடங்கள் சண்டை ஓய்ந்திருந்தது. இன்று நீங்கள் கண்டிக்குச் சுற்றுலா போனால் நகரின் நடுவே பார்க்கும் ஏரி இவர் காலத்தில் வெட்டியதுதான். தலதா மாளிகையின் முகப்பில் நிற்கும் எண்கோண மண்டபமும் இவர் கட்டியது. இன்று கண்டி என்றதும் மனதில் வரும் படமே இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

ஆனால் ஏரி வெட்டுவதற்கு ஆட்களைக் கட்டாயமாக வேலை வாங்கினார். கூலி இல்லாத வேலை. தலைவர்களும் மக்களும் முணுமுணுத்தார்கள். 1811-ல் பிலிமத்தலாவை அரசரைக் கொல்லப் போட்ட திட்டம் வெளிப்பட்டது. அரியணையில் ஏற்றியவருக்கே மரண தண்டனை கொடுக்கவேண்டிய நிலை. அதற்குப் பிறகு ராஜா யாரையும் நம்பவில்லை.

மறைக்கக் கூடாத பகுதி

இந்தக் கதையைச் சொல்லும்போது நம்மவர் என்பதற்காக ஒரு பகுதியை மறைத்துவிடுகிறவர்கள் உண்டு. அது சரியில்லை.

அடுத்த முதல் மந்திரி எகலப்பொலை. அவரும் 1814-ல் சபரகமுவை மாகாணத்தில் கலகம் தொடங்கி, தோற்று, கொழும்புக்கு ஆங்கிலேயரிடம் ஓடிப்போனார். மனைவியும் பிள்ளைகளும் கண்டியில் மாட்டிக்கொண்டார்கள். ஓடிப்போனவனின் குடும்பத்துக்கு ராஜா மரண தண்டனை விதித்தார். மூத்த பிள்ளை பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்தபோது, இளையவனான மத்தும பண்டாரன் முன்னால் வந்து நின்றான் என்பது இலங்கையில் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. தாயைக் குளத்தில் மூழ்கடித்தார்கள். கண்டி நகரமே அன்று அடுப்பு மூட்டவில்லை என்பார்கள்.

அப்பன் செய்ததற்குப் பிள்ளையைத் தண்டித்த அந்த நாளில்தான் ராஜா தன் மக்களை இழந்தார். அரியணை போனது அதற்குப் பிறகு.

ஆங்கிலேயருக்கு வேண்டிய வாய்ப்பு கிடைத்துவிட்டது. கொழும்பில் ஜான் டாய்லி என்ற அதிகாரி இருந்தார். சிங்களத்தை நன்றாகக் கற்றவர். வியாபாரிகள், பிக்குகள், தலைவர்களின் ஆட்கள் என்று கண்டி முழுவதும் ஒற்றர் வலை வைத்திருந்தார். எந்தத் தலைவருக்கு ராஜா மேல் என்ன வருத்தம் என்பது அவருடைய குறிப்பேட்டில் இருந்தது. 1814 இறுதியில், ஆங்கிலப் பகுதியிலிருந்து வந்த வியாபாரிகள் பத்துப் பேரை ஒற்றர்கள் என்று பிடித்து அங்கம் வெட்டினார்கள். பிழைத்துக் கொழும்பு வந்து சேர்ந்தவர்களின் கோலத்தைப் பார்த்து ஊர் கொதித்தது. 1815 ஜனவரி 10-ல் கவர்னர் பிரவுன்ரிக் போர் அறிவித்தார். கண்டி மக்களைக் கொடுங்கோலனிடமிருந்து மீட்கப் போகிறோம் என்பதுதான் அறிவிப்பின் சாரம். நாடு பிடிக்கப் போகிறவர்கள் எந்தக் காலத்திலும் இதைத்தான் சொல்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

ஐரோப்பியர் நுழைந்தும் நிலைத்து நிற்க முடியாத மலைக்குள் இந்த முறை படை ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாமல் நடந்து போனது. தலைவர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். பிப்ரவரி 14-ல் கண்டி விழுந்தது. ராஜா கிழக்கே மெதமகாநுவரை என்ற இடத்தில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்தார். 18-ம் தேதி அவரைப் பிடித்தது ஆங்கிலேயர் அல்ல. எக்னலிகொடை என்ற உள்ளூர்த் தலைவரின் ஆட்கள். கட்டி இழுத்தார்கள், ராணிகளின் நகைகளைப் பறித்தார்கள். செய்தி கிடைத்து டாய்லி வந்த பிறகுதான் மரியாதை திரும்பியது.

மார்ச் 2-ல் கண்டி அரண்மனை மண்டபத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் ராஜாவின் உரிமை பறிக்கப்பட்டது. அவருடைய வம்சம் இனி என்றைக்கும் அரியணை ஏறக் கூடாது என்று எழுதினார்கள். அவருடைய ஆண் உறவினர்கள் அனுமதியில்லாமல் கண்டிப் பகுதியில் கால் வைத்தால் மரண தண்டனை. அந்த ஒப்பந்தத்தில் நாயக்கர்களைக் குறிக்க மலபார்க்காரர்கள் என்ற சொல்லைப் போட்டார்கள். அன்றைய ஆங்கிலேயர் பேச்சில் அது தமிழர்களைக் குறிக்கும் சொல். வேடிக்கை என்னவென்றால், அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தலைவர்கள் சிலரின் கையெழுத்திலேயே தமிழ் எழுத்து இருக்கிறது. 76 வருடங்கள் நான்கு பேர் அரசாண்டும், கடைசியில் அவர்கள் வந்தேறிகள்தான் என்று தீர்ப்பு எழுதப்பட்டது.

கடல் கடந்து நம் ஊருக்கு

கொழும்பில் பத்து மாதத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். இலங்கையிலேயே இருந்தால் என்றைக்காவது அவர் பெயரைச் சொல்லிக் கலகம் வரும் என்று பயம். 1816 ஜனவரி 24-ல் கார்ன்வாலிஸ் என்ற போர்க்கப்பலில் ராணிகளோடும் உறவினர்களோடும் ஏற்றினார்கள். 74 பீரங்கிகள் கொண்ட அந்தக் கப்பல் பம்பாயில் கட்டப்பட்டது. பின்னாளில், 1842-ல், சீனாவிடமிருந்து ஹாங்காங்கை எழுதி வாங்கிய நான்கிங் ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதே கப்பலில்தான். கூடப் போன கிரான்வில் என்ற ஆங்கில அதிகாரி பயணம் முழுவதையும் குறிப்பாக எழுதி வைத்தார்.

அவர்கள் வந்து சேர்ந்த மதராஸைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். இன்று நீங்கள் பார்க்கும் துறைமுகம் அன்று இல்லை. அலைதாங்கிச் சுவர் இல்லை, தூணில் நிற்கும் இறங்குதுறைகூட 1861-ல்தான் வந்தது. துறைமுகச் சுவர் கட்டும் வேலை 1870-களில் தொடங்கி, 1881 புயலில் உடைந்து, மறுபடி கட்டி முடிக்கப் பல வருடங்கள் ஆயின. அதுவரை கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி ஆழத்தில் நிற்கும். ஆளும் சரக்கும் கரைக்கு வர மசூலா படகுதான் வழி. பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. ஆணி அடித்த படகு நம் கரையின் அலையில் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். யாராவது விழுந்தால் தூக்குவதற்குக் கட்டுமரங்கள் பக்கத்திலேயே வரும். கவர்னராக இருந்தாலும் ராஜாவாக இருந்தாலும் நம் கடற்கரைக்காரர்களின் துடுப்பை நம்பித்தான் இந்த ஊர் மண்ணை மிதிக்க முடியும்.

பதினெட்டு வயதில் ஒரு நாட்டுக்கு ராஜாவானவர், முப்பத்தாறு வயதில் மதராஸ் மாகாணத்துக்குத் திரும்பினார். முன்னோரின் மண்ணுக்கே வந்துவிட்டார் என்று சொல்லலாம். ஆனால் அவருக்கு அது ஊர் திரும்பியதாக இருந்திருக்காது. கண்டிதான் அவர் வளர்ந்த ஊர்.

இங்கிருந்து மேற்கே சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி வேலூருக்குக் கொண்டுபோனார்கள். 1856-ல் நம் ராயபுரம் நிலையத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோடு வரை ஓடியது, கிட்டத்தட்ட அதே திசையில். ராஜா போனபோது மண் பாதைதான்.

வேலூர்க் கோட்டையில் பதினாறு வருடம்

வேலூர்க் கோட்டைக்கு அரச கைதிகள் புதிதல்ல. 1799-ல் திப்பு சுல்தான் இறந்த பிறகு அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தையும் அங்கேதான் வைத்தார்கள். 1806 ஜூலையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து வருடம் கழித்து அந்தக் கோட்டைக்கு அடுத்த ராஜா வந்தார். அவர் இருந்த கட்டடத்துக்கு இன்றும் கண்டி மகால் என்றே பெயர். பக்கத்தில் திப்பு மகால், ஹைதர் மகால்.

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் இருக்கிறது, நீங்கள் போயிருப்பீர்கள். இவர் இருந்த காலத்தில் அங்கே வழிபாடு கிடையாது. லிங்கம் மறுபடி உள்ளே வந்தது 1981-ல்தான். சிவனைக் கும்பிட்டு வளர்ந்தவருக்குக் கோட்டைக்குள் அவ்வளவு பெரிய கோயில் இருந்தும் பூஜை இல்லை.

இலங்கை அரசின் வருமானத்திலிருந்து மாதாமாதம் படி வந்தது. சாப்பாட்டுக்குக் குறையில்லை, கோட்டையை விட்டு விருப்பப்படி போக முடியாது, அவ்வளவுதான். கண்டியில் இல்லாத ஆண் வாரிசு வேலூரில் பிறந்தது. ஆள நாடில்லாத நேரத்தில் பிள்ளை.

அவர் வேலூரில் இருந்தபோது கண்டியில் என்ன நடந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலேயர் வந்தால் தாங்களே ஆளலாம் என்று நினைத்த தலைவர்களுக்கு இரண்டே வருடத்தில் உண்மை புரிந்தது. 1817-ல் ஊவா மாகாணத்தில் பெரிய கலகம் வெடித்தது. கலகக்காரர்கள் யாரை ராஜா என்று அறிவித்தார்கள் தெரியுமா? தன்னை நாயக்க வம்சத்தவன் என்று சொல்லிக்கொண்ட ஒருவரை. வந்தேறி வம்சம் என்று எழுதித் துரத்திய நாட்டில், மக்களைத் திரட்ட அந்த வம்சத்தின் பெயர்தான் தேவைப்பட்டது. 1818-ல் ஆங்கிலேயர் கலகத்தை நெருப்பு வைத்து அடக்கினார்கள். எகலப்பொலையையும் சந்தேகத்தில் பிடித்து, 1825-ல் மொரீஷியஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1829-ல் அங்கேயே இறந்தார். ராஜாவைக் கவிழ்த்தவருக்கும் ராஜாவுக்குக் கிடைத்த அதே தண்டனை.

1832 ஜனவரி 30-ல், நீர்க்கோவை நோயால், ஐம்பத்திரண்டு வயதில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் இறந்தார். பதினேழு வருடம் ஆட்சி, ஏறக்குறைய பதினேழு வருடம் சிறை. மகனும் சில வருடங்களில், இளம் வயதிலேயே பிள்ளையில்லாமல் போய்விட்டார்.

இன்னொரு ராஜா

1815 நெப்போலியனும் வீழ்ந்த வருடம். அவரை ஆங்கிலேயர் செயின்ட் ஹெலினா தீவுக்கு அனுப்பினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் ராஜாவோடு ஒப்பிட வேண்டியவர் கிரீஸ் நாட்டின் ஓட்டோ.

ஓட்டோ பிறந்தது 1815-ல், கண்டி விழுந்த அதே வருடம். ஜெர்மனியின் பவேரியா அரச குடும்பத்துப் பையன். 1832-ல், நம் ராஜா இறந்த அதே வருடம், வல்லரசுகள் சேர்ந்து இளம் வயது ஓட்டோவைப் புது நாடான கிரீஸுக்கு ராஜாவாகத் தேர்ந்தெடுத்தன. முப்பது வருடம் ஆண்டார். வாரிசு இல்லை. 1862-ல் அவர் ஊர் சுற்றப் போயிருந்த நேரத்தில் ஏதென்ஸ் நகரப் படை கிளர்ந்தது, ஆட்சி கவிழ்ந்தது. ஒரு ஆங்கிலேயப் போர்க்கப்பலில் ஏறி நாட்டை விட்டுப் போனார். சொந்த ஊரான பவேரியாவுக்கே திரும்பியும், 1867-ல் இறக்கும் வரை கிரேக்க உடைதான் உடுத்தினார் என்பார்கள்.

இருவருமே விவரம் தெரியாத வயதில், வேறு யாரோ போட்ட கணக்குக்காக அரியணை ஏற்றப்பட்டவர்கள். கணக்கு மாறியதும் அந்நியன் என்று சொல்லப்பட்டவர்கள்.

அவர் விட்டுப்போனவை

அவருடைய அரியணையை 1690-களில் டச்சுக்காரர்கள் கண்டி அரசருக்குப் பரிசாகக் கொடுத்தது. 1815-ல் அது இங்கிலாந்துக்குப் போனது. 1934-ல் கிரீடத்தோடு திரும்பி வந்தது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். லண்டனுக்குக் கொண்டுபோன அவருடைய சிங்கக் கொடிதான், 1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்தபோது தேசியக் கொடிக்கு அடிப்படையானது. நாயக்க ராஜா பிடித்த கொடி அது என்பதை அங்கேயும் இங்கேயும் பலர் யோசிப்பதில்லை.

வேலூரில் பாலாற்றங்கரையில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. 1990-ல் தமிழ்நாடு அரசு அதன் மேல் முத்து மண்டபம் கட்டியது. நம் குடியிருப்பிலிருந்து சி.எம்.சி.க்கு செக்கப்புக்கோ, ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கோ போகாத குடும்பம் குறைவு. அடுத்த முறை போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கி, கோட்டையையும் முத்து மண்டபத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அவர் நல்லவரா கெட்டவரா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஏரி வெட்டியதையும் சொல்லுங்கள், மத்தும பண்டாரனையும் சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை விட வேண்டாம்.

வட சென்னைக்கு இந்தக் கதை அந்நியமானதல்ல. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும், பிறந்து வளர்ந்த ஊரே நீ இந்த ஊர்க்காரன் இல்லை என்று சொல்லி அனுப்பிய எத்தனையோ குடும்பங்கள் இந்தக் கரையில் இறங்கி, வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கமும் வாழ்க்கையை மறுபடி தொடங்கின. அவர்களுக்கு எந்த மகாலும் இல்லை. நம் குடியிருப்பிலும் அப்படி வந்த பெரியவர்கள் இருந்தால், கப்பல் ஏறிய நாளையும் இங்கே இறங்கிய நாளையும் அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். பெயர் போட விருப்பமில்லை என்றால் போட மாட்டோம். அடுத்த இதழில் அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.